மீட்கும் நாளிலிருந்து தொடங்குவோம்

2017 ஜனவரி 31. மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்ற இணையச் சேவையில் ஒரு பொறியாளர் இரவு நேரத்தில் ஒரு கோளாறைச் சரிசெய்துகொண்டிருந்தார். துணைச் சர்வரில் இருந்த ஒரு தரவு ஃபோல்டரைக் காலிசெய்யக் கட்டளை கொடுத்தார். கட்டளை சரிதான், ஆனால் அதைக் கொடுத்த சர்வர் முதன்மைச் சர்வர். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

அந்த நிறுவனத்தில் தரவைக் காப்பதற்கென்று ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். தினமும் தானாக ஓட வேண்டிய பேக்கப் நிரல், 9.6 பதிப்பில் இருந்த தரவுத்தளத்தை 9.2 பதிப்புக்கான கருவியால் பிரதியெடுக்க முயன்று, தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. பிரதிகள் போய்ச் சேர வேண்டிய இணையச் சேமிப்பிடத்தில் ஒரு கோப்புகூட இல்லை. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் கிளம்பத்தான் செய்தன. அனுப்பியவரை உறுதிப்படுத்தும் கையொப்பம் அவற்றில் இல்லாததால் பெற வேண்டிய சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது. கடைசியில் கைகொடுத்தது, வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி. இடைப்பட்ட நேரத்தில் பதிவான சுமார் 5,000 கருத்துகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் போனது போனதுதான்.

நடந்ததை கிட்லேப் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது. ஐந்து ஏற்பாடுகளையும் நிறுவியவர்கள் இருந்தார்கள். அவற்றிலிருந்து தரவை மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது பார்க்கும் பொறுப்பு மட்டும் யாரிடமும் இல்லை. வீட்டுக் கணினிக்கு பேக்கப் மென்பொருள் தேடும்போது நாமும் இதையேதான் செய்கிறோம். எது வேகமாகப் பிரதியெடுக்கும், எது அதிகம் சுருக்கும், எதன் திரை அழகாக இருக்கிறது என்று பார்க்கிறோம். இந்த அத்தியாயத்தில் மறுமுனையிலிருந்து வருவோம். ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. கடையிலிருந்து வந்த புதுக் கணினி மேசை மேல் இருக்கிறது. அந்த நாளில் உங்களுக்கு என்னென்ன தேவைப்படும்? அந்தத் தேவைகளே மென்பொருளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடும்.

எதிலிருந்து காப்பது?

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி போல் மெருகேற்றிய தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. எழுதவும் படிக்கவும் செய்யும் முனை, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். இவ்வளவு நெருக்கத்தில் இயங்கும் எந்திரம் ஆண்டுக்கணக்கில் உழைப்பதே வியப்புக்குரியது. லட்சக்கணக்கான டிஸ்க்குகளை இயக்கும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் டிஸ்க்குகளின் ஆயுள் கணக்கைத் தொடர்ந்து வெளியிடுகிறது. 2023இல் அங்கே பழுதானவை 1.4 சதவீதம். ஆண்டுக்கு நூற்றில் ஒன்று, ஒன்றரை என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். அந்த ஒன்று உங்களுடையதாக இருந்தால் உங்கள் இழப்பு நூறு சதவீதம்.

‘சத்தம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற நம்பிக்கையும் உதவாது. கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளின் வரலாற்றை ஆராய்ந்து வெளியிட்டார்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவுகளில், பழுதை முன்கூட்டிக் காட்டக்கூடியவை என்று நான்கை அவர்கள் அடையாளம் கண்டார்கள். பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேலானவை அந்த நான்கில் ஒன்றைக்கூடக் காட்டாமல் போய்ச் சேர்ந்தவை.

எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லை. ஆனால் அதைக் கட்டுப்படுத்தும் சில்லு கெட்டால் மொத்த டிஸ்க்கும் ஒரே நொடியில் காணாமல் போகும். இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தால் அதன் பெயர்தான் பட்டியலிலிருந்து நீங்கும். உள்ளே இருப்பது சில காலம் அப்படியே கிடக்கும். மீட்புக் கடைக்காரர்கள் பிழைப்பது அதனால்தான். எஸ்எஸ்டி அப்படியில்லை. அழிக்கப்பட்ட இடங்களை இயங்குதளம் சொன்னதும் அது சீக்கிரமே உண்மையாகத் துடைத்துவிடுகிறது.

டிஸ்க் சாவது முதல் ஆபத்து. இரண்டாவது, நம் கை: தெரியாமல் அழிப்பது, நல்ல கோப்பின் மேல் தவறானதைச் சேமிப்பது. மூன்றாவது, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர். நான்காவது திருட்டு, தீ, வெள்ளம். நான்கும் மென்பொருளிடம் நான்கு வெவ்வேறு குணங்களைக் கேட்கின்றன. முதலாவதற்கு இன்னொரு டிஸ்க் போதும். இரண்டாவதற்குப் பழைய பதிப்புகள் வேண்டும். மூன்றாவதற்கு, கணினியின் கைக்கு எட்டாத பிரதி வேண்டும். நான்காவதற்கு, வேறு வீட்டில் இருக்கும் பிரதி வேண்டும்.

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவற்றை பேக்கப் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அவற்றின் அடிப்படை வேலை, இரண்டு இடங்களை ஒரே மாதிரி வைத்திருப்பது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும். 31ஆம் நாள் நினைவு வந்தால் பயனில்லை. முதல் ஆபத்துக்கும் நான்காவதற்கும் இவை உதவும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அரைகுறையாகத்தான் உதவும்.

கணினி முழுவதுமா, கோப்புகள் மட்டுமா?

பேக்கப் மென்பொருள்களில் இரண்டு குலங்கள். ஒன்று, டிஸ்க்கை அப்படியே படம் பிடித்து வைப்பது. விண்டோஸ், நிறுவிய மென்பொருள்கள், அமைப்புகள், உங்கள் கோப்புகள் எல்லாம் அதில் அடங்கும். புது டிஸ்க்கைப் பொருத்தி, மீட்பு பென்டிரைவில் கணினியைத் தொடங்கி, படத்தை இறக்கினால் பழைய நிலைக்குத் திரும்பலாம். இன்னொன்று, நீங்கள் சொல்லும் ஃபோல்டர்களை மட்டும் பிரதியெடுப்பது. புதுக் கணினியில் விண்டோஸை நிறுவி, மென்பொருள்களை மறுபடி ஏற்றி, பிறகு கோப்புகளைக் கொண்டுவர வேண்டும்.

விண்டோஸையும் மென்பொருள்களையும் எப்போது வேண்டுமானாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். மகளின் முதல் பிறந்தநாள் படங்களை எங்கிருந்தும் இறக்க முடியாது. அதனால் ஒன்றுதான் முடியும் என்றால் கோப்புப் பிரதியே முதலில். ஒரு நாள்கூட வேலை நிற்கக் கூடாது என்பவர்களுக்கு டிஸ்க் படமும் வேண்டும்.

இரு குலங்களுக்கும் பொதுவான ஒரு சிக்கல், திறந்திருக்கும் கோப்பு. நீங்கள் டேலியில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது பேக்கப் ஓடினால், கோப்பின் முதல் பாதி பழையதாகவும் பின்பாதி புதியதாகவும் பிரதியாகலாம். அப்படிப்பட்ட பிரதி திறக்காமலே போகலாம். இதற்காக விண்டோஸில் வால்யூம் ஷேடோ காப்பி என்ற வசதி எக்ஸ்பி காலத்திலிருந்தே இருக்கிறது. ஒரு கணத்தில் டிஸ்க் எப்படி இருந்ததோ அந்தத் தோற்றத்தை அது உறையவைத்துக் கொடுக்கும். பேக்கப் அதிலிருந்து நிதானமாகப் படித்துக்கொள்ளும். மென்பொருளின் விவரக்குறிப்பில் இந்த வசதியைப் பயன்படுத்துகிறதா என்று முதலில் பாருங்கள். பயன்படுத்தாத மென்பொருள் தினமும் ‘முடிந்தது’ என்று சொல்லிவிட்டு, உங்களுக்கு மிகவும் வேண்டிய கோப்பை மட்டும் விட்டுவைத்திருக்கக்கூடும்.

மாறியதை மட்டும்

உங்களிடம் 200 ஜிபி இருக்கிறது, தினமும் 1 ஜிபி புதிதாகச் சேர்கிறது அல்லது மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் முழுப் பிரதி எடுத்தால் 30 நாளில் 6,000 ஜிபிக்கு மேல் வேண்டும். முதல் நாள் முழுதும், அடுத்தடுத்த நாள்களில் முந்தைய நாளிலிருந்து மாறியதை மட்டும் எடுத்தால் 229 ஜிபி போதும். இதற்கு இன்கிரிமென்டல் என்று பெயர். முதல் நாளிலிருந்து மாறிய எல்லாவற்றையும் ஒவ்வொரு நாளும் எடுப்பது டிஃபரென்ஷியல். அதற்கு 635 ஜிபி ஆகும்.

இன்கிரிமென்டல், மளிகைக் கடை அண்ணாச்சியின் பற்று நோட்டு மாதிரி. அன்றன்று வாங்கியதை மட்டும் எழுதுவார். இடம் மிச்சம், வேலையும் சுருக்கம். ஆனால் நடுவில் ஒரு தாள் கிழிந்தால் அதற்குப் பிறகு வரும் எந்தத் தேதியின் பாக்கியையும் சரியாகச் சொல்ல முடியாது. 30ஆம் நாளின் நிலையை மீட்க 30 கோப்புகளும் நலமாக இருக்க வேண்டும். டிஃபரென்ஷியலில் இரண்டு போதும். இந்த வகை மென்பொருளில் மாதம் ஒரு முறையாவது புதிதாக முழுப் பிரதி எடுக்கச் சொல்லி அமைப்பது அதனால்தான்.

பெரிய கோப்பில் சிறு மாற்றம் என்றால் என்ன செய்வது? 1996இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கெராஸும் வெளியிட்ட ஆர்சிங்க் இதற்கு அழகான வழி சொன்னது. கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சிறு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடுவது. இரு பக்கமும் எண்கள் பொருந்தினால் அந்தத் துண்டை அனுப்பத் தேவையில்லை. துண்டு ஒரு பைட் நகர்ந்து கிடந்தாலும் கண்டுபிடிக்கும்படி, ஒவ்வொரு பைட்டாக நகரும்போதும் முழுக் கணக்கையும் மறுபடி போடாமல், வெளியேறும் பைட்டைக் கழித்து நுழையும் பைட்டைக் கூட்டும் எண் ஒன்றை அவர்கள் பயன்படுத்தினார்கள்.

இன்றைய திறமூல மென்பொருள்களான ரெஸ்டிக், போர்க், கோப்பியா ஆகியவை இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனவை. அவை கோப்பைச் சம அளவில் வெட்டுவதில்லை. உள்ளே இருக்கும் பைட்டுகளின் அமைப்பே எங்கே வெட்டுவது என்று தீர்மானிக்கிறது. ஆகையால் தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்தாலும் அந்தத் துண்டு மட்டும் மாறும். மற்ற வெட்டுகள் பழைய இடத்திலேயே விழும். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட எஸ்எச்ஏ-256 போன்ற ஒரு நீண்ட எண்ணே பெயர். 256 பிட்டில் சாத்தியமான எண்களின் தொகை 78 இலக்கம் கொண்டது. வேறு வேறு துண்டுகளுக்குத் தற்செயலாக ஒரே பெயர் அமையும் என்ற பயம் நடைமுறையில் வேண்டாம். ஒரே படம் மூன்று ஃபோல்டரில் இருந்தாலும் சேமிப்பில் ஒரு முறைதான் இருக்கும். ஒவ்வொரு நாளின் பிரதியும் முழுப் பிரதி போலவே திறக்கும்; பழைய நாள்களை நீக்கினாலும் புதியவை கெடாது. ஆனால் இங்கே ஒரு விலை உண்டு. பல நாள்கள் பங்கிடும் ஒரு துண்டு டிஸ்க்கில் கெட்டால், அத்தனை நாள்களிலும் அந்தக் கோப்பு கெட்டதே. இம்மென்பொருள்களில் இருக்கும் சரிபார்க்கும் கட்டளையை அவ்வப்போது ஓட்ட வேண்டும்.

‘பாதியாகச் சுருக்கும்’ என்ற விளம்பரத்துக்கு வீட்டில் பெரிய மதிப்பில்லை. வீட்டு டிஸ்க்கில் இடத்தை அடைப்பவை ஜேபெக் படங்களும் எம்பி4 வீடியோக்களும். அவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. மேலும் சுருங்குவது சொற்பம்.

எத்தனை நாள் பின்னோக்கி?

தவறாகச் சேமித்த கோப்பை நாம் அன்றே கவனிப்பதில்லை. வருமான வரிக் கணக்குக்காகப் போன வருடத்து எக்செல் தாளைத் திறக்கும்போதுதான் பாதி வரிசைகள் இல்லை என்று தெரியும். அதனால் அடர்த்தியான அண்மைக் காலமும், மெலிந்த நெடுங்காலமும் சேர்ந்த ஏற்பாடு தேவை. 2007இல் ஆப்பிள் கொண்டுவந்த டைம் மெஷின் இந்தத் திட்டத்தைப் பலரிடம் கொண்டுசேர்த்தது. கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று. கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று. அதற்கு முன்பு வாரத்துக்கு ஒன்று. இடம் தீரும்போது மிகப் பழையது போகும். நீங்கள் பார்க்கும் மென்பொருளில் இப்படி அமைக்க முடியவில்லை, கடைசி ஒரு பிரதியை மட்டுமே வைக்கும் என்றால், அது இரண்டாவது ஆபத்துக்கு உதவாது.

ரான்சம்வேருக்கும் இதே கணக்குதான். 2017 மே 12இல் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை, கோப்புகளைப் பூட்டியதோடு விண்டோஸ் வைத்திருந்த ஷேடோ பிரதிகளையும் அழிக்கக் கட்டளை கொடுத்தது. செருகியிருந்த வெளி டிஸ்க்குகளையும் விடவில்லை. பேக்கப் டிஸ்க் எப்போதும் செருகியே இருந்தால் அதுவும் இந்தக் கணினியின் இன்னொரு அறை போலத்தான். கணினியில் இருக்கும் கோப்பு பூட்டப்பட்டு, பூட்டப்பட்ட கோப்பு பேக்கப்பாகி, நல்ல பழைய பதிப்பும் கையில் இல்லை என்றால் எல்லாம் முடிந்தது.

இலவசம் மூன்று வகை

முதல் வகை, இயங்குதளத்தோடு வருபவை. விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, மேக்கில் டைம் மெஷின். லினக்ஸில் டேஜா டூப் போன்றவை எளிதில் கிடைக்கின்றன. லினக்ஸ் மின்ட்டில் வரும் டைம்ஷிஃப்ட்டைப் பார்த்துப் பலர் ஏமாறுவதுண்டு. அது இயங்குதளக் கோப்புகளைத்தான் காக்கும். உங்கள் ஹோம் ஃபோல்டரைச் சொல்லாமல் தொடாது.

இரண்டாம் வகை, விலைக்கு விற்கும் நிறுவனம் தரும் இலவசப் பதிப்பு. இவை பெரும்பாலும் மெருகானவை, எளிமையானவை. ஆனால் அவை இருப்பது விற்பனைக்கான வாசலாக. வாசலை மூடுவது நிறுவனத்தின் உரிமை. பல ஆண்டுகள் வீட்டுப் பயனர்களின் முதல் பரிந்துரையாக இருந்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜனவரி 1உடன் முடிந்தது. காசு கொடுத்தவர்களுக்கும் இது நேரும். கிராஷ்பிளான் என்ற சேவை, வீட்டு வாடிக்கையாளர்களுக்கான திட்டத்தை நிறுத்துவதாக 2017 ஆகஸ்டில் அறிவித்தது. அடுத்த ஆண்டு இறுதிக்குள் எல்லோரும் வேறிடம் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சில இலவசப் பதிப்புகளில் பிரதியெடுக்க ஒரு பொத்தான் தாராளமாக இருக்கும். வேண்டிய மீட்பு வசதியை அழுத்தினால் விலைப்பட்டியல் வரும்.

மூன்றாம் வகை, திறமூல மென்பொருள். டூப்ளிகாட்டி, கோப்பியா, ரெஸ்டிக், போர்க், ஃப்ரீஃபைல்சிங்க். எழுதியவர்கள் ஒதுங்கினாலும் நிரல் எல்லோர் கையிலும் இருக்கும். சேமிக்கும் வடிவமும் வெளிப்படை. குறை, எல்லாம் எளிதல்ல என்பது. ரெஸ்டிக்கையும் போர்க்கையும் கட்டளை வரியில்தான் இயக்க வேண்டும். டூப்ளிகாட்டிக்கும் கோப்பியாவுக்கும் திரையும் பொத்தான்களும் உண்டு.

எந்த வகையானாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மென்பொருள் நாளை உலகத்தில் இல்லையென்றால் என் கோப்புகள் திறக்குமா? ஃபைல் ஹிஸ்டரி ஒவ்வொரு பதிப்பையும் பெயரோடு தேதி சேர்த்துச் சாதாரணக் கோப்பாகவே வைக்கிறது. ஃப்ரீஃபைல்சிங்க்கும் அப்படியே. வெளி டிஸ்க்கை எந்தக் கணினியில் செருகினாலும் பார்க்கலாம். மற்றவை தங்களுக்கே உரிய பெட்டிக்குள் வைக்கின்றன. அவற்றைத் திறக்கும் மென்பொருளின் நிறுவல் கோப்பையும் அதே டிஸ்க்கில் ஒரு ஓரமாகப் போட்டு வையுங்கள்.

தானாக ஓடுவது என்றால்

தினமும் நாமே நினைவாகச் செய்யும் பேக்கப் சில வாரம்தான் நடக்கும். ஆகையால் தானாக ஓட வேண்டும். ஆனால் தானாக ஓடுவது தானாக நின்றும் போகும். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் இரவு 2 மணிக்கு என்று வைத்தீர்கள். லேப்டாப் அந்த நேரத்தில் மூடியிருந்தால் வேலை நடக்காது. ‘தவறினால் முடிந்த அளவு சீக்கிரம் ஓட்டு’ என்ற தேர்வு இருக்கிறது. அதை நாம்தான் டிக் செய்ய வேண்டும். மின்சாரத்தில் செருகியிருந்தால் மட்டும் ஓட்டு என்பது தொடக்கத்திலேயே டிக் செய்யப்பட்டிருக்கும். பேட்டரியில் வேலை பார்ப்பவரின் பேக்கப் மாதக்கணக்கில் ஓடாமல் இருக்க இந்த ஒரு டிக் போதும்.

நல்ல மென்பொருளில் மூன்று குணங்கள் இருக்கும். டிஸ்க்கைச் செருகியதும் தானே கண்டுகொண்டு தொடங்கும். தவறிய நேரத்தை ஈடுகட்டும். கடைசியாக வெற்றி கண்டது எப்போது என்று கண்ணில் படும்படி காட்டும். நாளாகிவிட்டால் தொல்லை கொடுக்கும். தோற்றால் மட்டும் சொல்வது போதாது. கிட்லேப்பில் தோல்விச் செய்தி வராததை எல்லாம் சரியாக இருப்பதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

வீம் நிறுவனத்தின் விண்டோஸ் ஏஜென்ட் இலவசப் பதிப்பில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. வெளி டிஸ்க்கைச் செருகினால் பேக்கப் தொடங்கும். முடிந்ததும் டிஸ்க்கைத் தானே கணினியிலிருந்து துண்டித்துவிடும். ரான்சம்வேருக்கு எட்டாத பிரதியை நோக்கி இது ஒரு அடி. கேபிளையும் கழற்றி அலமாரியில் வைத்தால் இன்னொரு அடி.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்கள் கூடுதலாக ஒன்றைச் சோதிக்க வேண்டும். ‘கொடைக்கானல்’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் அது 11 குறிகள். உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுப்பதால் மொத்தம் 33 பைட். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஒரு பெயருக்கு 255 குறிகள் வரை அனுமதிக்கிறது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4இல் வரம்பு 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறிகள். வீட்டில் வைக்கும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகள் பல லினக்ஸில் ஓடுபவை. ‘பாட்டியின் எண்பதாம் பிறந்தநாள் விழாவில் மாமா வீட்டு மொட்டைமாடியில் எடுத்த எங்கள் குடும்பப் படங்கள்’ என்று விண்டோஸில் ஆசையாக வைத்த பெயர் அங்கே நுழையாது. கண்டிப்பான மென்பொருள் பிழை என்று சொல்லும். அலட்சியமானது சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

இன்னொரு நுட்பம், ஒகரக் குறி. ‘கொ’வில் உள்ள குறியை ஒரே யூனிகோடு குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறை பெயர்களைப் பிரித்தே வைத்தது. என்டிஎஃப்எஸ் வந்ததை வந்தபடி வைக்கிறது. ஆகவே மேக்கிலிருந்து விண்டோஸுக்குப் போய்வரும் ஃபோல்டரில் ஒரே பெயர் இரண்டு முறை தெரிந்தால் திகைக்க வேண்டாம். கணினிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள்.

ஒரு வீட்டுக்கான திட்டம்

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ 2005இல் வெளிவந்த தம் நூலின் வழியே பரப்பிய 3-2-1 விதி இன்றும் செல்லும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். வேறிடம் ஏன் என்பதற்கு 2021 மார்ச் 10இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் தரவு மையம் எரிந்தது சான்று. பேக்கப்புக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருந்த சிலரின் பிரதியும் அதே வளாகத்தில் இருந்து சாம்பலானது. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளம் மூழ்கிய வீடுகளில், கணினியும் அருகில் இருந்த வெளி டிஸ்க்கும் ஒரே தண்ணீரில்தான் நனைந்திருக்கும்.

விண்டோஸ் வீட்டுக்கு என் பரிந்துரை இது. கணினியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு கொண்ட வெளி டிஸ்க் இரண்டு வாங்குங்கள்; மென்பொருள்தான் இலவசம், டிஸ்க் இல்லை. ஒன்றில் ஃபைல் ஹிஸ்டரியை ஓடவிடுங்கள். அது தானாக எடுத்துக்கொள்வது டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற வழக்கமான இடங்களை மட்டுமே; டி டிரைவில் படங்களைக் குவித்து வைத்திருப்பவர்கள் அந்த ஃபோல்டரையும் பட்டியலில் சேர்த்தாயிற்றா என்று பார்க்க வேண்டும். இன்னொன்றில் வீம் ஏஜென்ட்டைக் கொண்டு மாதம் ஒரு முறை முழுக் கணினியின் படம் எடுத்து, அந்த டிஸ்க்கை உறவினர் வீட்டில் வையுங்கள். மேக் வைத்திருப்பவர்கள் டைம் மெஷினுக்கே இரண்டு டிஸ்க்குகளைக் காட்டி மாற்றி மாற்றிச் செருகலாம். லினக்ஸ்காரர்களுக்கு டேஜா டூப் எளிது; கட்டளை வரிக்கு அஞ்சாதவர்களுக்கு ரெஸ்டிக் அல்லது போர்க்.

இணையத்தில் முழுப் பிரதி வைப்பது எல்லோருக்கும் கைகூடாது. நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 200 ஜிபி போய்ச் சேர 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, ஒன்டிரைவ் 5 ஜிபி. ஆனால் பத்திரங்கள், சான்றிதழ்கள், கணக்குகளுக்கு அதுவே தாராளம். டூப்ளிகாட்டி அவற்றைப் பூட்டி ஏற்றிவிடும். ஒவ்வொரு முறையும் ஏற்றியதில் ஒரு சிறு பகுதியைத் திரும்ப இறக்கிச் சரிபார்க்கவும் செய்யும். பூட்டும் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். அது செத்துப்போன கணினிக்குள் மட்டும் இருந்தால் பிரதி இருந்தும் இல்லாததுதான். இத்தகைய மென்பொருளில் ‘மறந்துவிட்டேன்’ பொத்தான் கிடையாது.

முதல் நாளே தேர்வு

மென்பொருளை நிறுவி, முதல் பிரதி முடிந்த அன்றே மூன்று கோப்புகளை மீட்டுப் பாருங்கள்: ஒரு பெரிய வீடியோ, நீளமான தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு படம், பேக்கப் ஓடும்போது திறந்து வைத்திருந்த ஒரு கோப்பு. பழைய இடத்தில் இறக்காமல் வேறொரு ஃபோல்டரில் இறக்குங்கள். முடிந்தால் வேறொரு கணினியில் இறக்குங்கள். உண்மையான இழப்பு நாளில் இந்தக் கணினி இருக்கப்போவதில்லை. மூன்றையும் திறந்து, வீடியோவைக் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பாருங்கள். டிஸ்க் படம் எடுப்பவர்கள் மீட்பு பென்டிரைவில் கணினியைத் தொடங்கி, அது வெளி டிஸ்க்கையும் உள்ளே இருக்கும் பிரதியையும் அடையாளம் காண்கிறதா என்று பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதையும் அழுத்தாமல் வெளியேறலாம். ஒரு மாதம் கழித்து நான்காவது தேர்வு: வேண்டுமென்றே மாற்றி எழுதிய ஒரு கோப்பின் முந்தைய பதிப்பை எடுக்க முடிகிறதா?

இதற்கெல்லாம் ஒரு மாலைப்பொழுது போதும். இந்தத் தேர்வில் தேறாத மென்பொருளை, அதற்கு எத்தனை பாராட்டு இருந்தாலும், அன்றே நீக்கிவிட்டு அடுத்ததை நிறுவுங்கள். தேறியதை வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே தேர்வை மறுபடி வையுங்கள். தேதியை மட்டும் மென்பொருளிடம் விடாமல் சுவரில் தொங்கும் காலண்டரில் எழுதிவையுங்கள். மற்ற எல்லாவற்றையும் கணினி தானாகச் செய்துகொள்ளட்டும். மீட்டுப் பார்க்கும் வேலை உங்களுடையது.